மாங்குளத்துத் தந்தைக்கு: அந்த விளக்கப் புத்தகம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் மாங்குளத்திலிருந்து ஒரு தந்தை எழுதிய கடிதத்தை வாசித்தேன். ஓ.எல். சோதனை எடுக்கப்போகிற தன் மகனும் கூட்டாளிகளும் மேசையைச் சுற்றி இருந்து கதை சொல்லி விளையாடுகிற ஏதோ ஒரு விளையாட்டில் ஊறிப்போயிருக்கிறார்கள், அதற்கு விதிப் புத்தகம் ஏற்கெனவே கையில் இருக்கிறது, இப்போது அந்த விதிகளை விளக்குவதற்கென்று இன்னொரு புத்தகம் வேண்டுமாம், கனடாவிலிருந்து வருகிற சித்தப்பாவிடம் சொல்லி எடுப்பிக்கட்டாம், இது வாங்கத் தகுந்ததுதானா என்று கேட்டிருந்தார். அடுத்த கிழமையே மல்லாவி வாசகர் ஒருவர், எந்தப் புத்தகமும் வீண்போகாது, வாங்கிக் கொடுங்கள், பிள்ளைக்கு இங்கிலீஷாவது வளரும் என்று பதில் எழுதிவிட்டார்.

மல்லாவிக்காரர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்கிற அந்த விளையாட்டை விளையாடியவர் இல்லை என்று அந்தப் பதிலிலேயே தெரிகிறது. நான் விளையாடுகிறவள். என்னுடைய பதில்: வாங்க வேண்டாம். ஓரிரண்டு விதிவிலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கிளிநொச்சியில் கண்டி வீதிக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கொப்பி, பேனை, போட்டோகொப்பி, லமினேற்றிங், விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்தல். கடைக்குப் பின்னால் ஒரு தாழ்வாரம், அதில் ஒரு நீள மேசை. சனிக்கிழமை பின்னேரங்களில் அந்த மேசையில்தான் இந்த விளையாட்டு நடக்கும். தொடக்கி வைத்தவள் என் அக்காவின் மகள். அவள் படிக்கப் பேராதனைக்குப் போனதும் ஆட்டத்தை நடத்துகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. அரும்பு மீசைப் பொடியளுக்கும் இரட்டைப் பின்னல் பெட்டையளுக்கும் நடுவில் இருந்துகொண்டு ஐம்பதை நெருங்குகிற ஒரு பொம்பிளை டிராகன் மாதிரி உறுமுவதை வீதியால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பதுண்டு. பார்க்கட்டும்.

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ன விளையாட்டு என்று முதலில் சொல்கிறேன். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்டது. கரம் போர்ட் மாதிரி ஒரு போர்ட் அதற்குத் தேவையில்லை. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி மந்திரக்காரி, ஒருத்தன் வாள்வீரன், இன்னொருத்தன் களவெடுக்கிறவன். நடத்துகிறவர் இடத்தைச் சொல்வார், மற்றவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் 20 முகம் உள்ள டைஸை உருட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். சூதும் இல்லை, பேய் பிசாசைக் கும்பிடுகிறதும் இல்லை. எங்களுடைய மேசையில் அது முழுக்கத் தமிழில் நடக்கிறது. புத்தகம் மட்டும் இங்கிலீஷ்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் ஏன் விளக்கப் புத்தகம் கேட்கிறார்கள்? விளையாடும்போது சண்டை வருவதால். என்ன சண்டை என்று பார்த்தால்தான் புத்தகம் அதைத் தீர்க்குமா என்று தெரியும். ஆகவே எங்கள் மேசையில் வந்த சண்டைகளில் சிலதைச் சொல்கிறேன்.

எங்கள் கதை இரணைமடு மாதிரி ஒரு பெரிய குளத்தைச் சுற்றி நடக்கிறது. குளத்துக்குள் ஒரு முதலை, சாதாரண முதலை இல்லை, ஒரு பழைய அரசனின் மோதிரத்தை விழுங்கிய முதலை. அது வாள்வீரனைக் காலில் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கரையில் நின்ற மந்திரக்காரி முதலையின் மேல் நெருப்பை எறிகிறேன் என்றாள். உடனே தொடங்கிவிட்டது. தண்ணீருக்குள் நெருப்பு எரியுமா? மந்திர நெருப்பென்றால் எரியும் என்று ஒருத்தன். அப்படியென்றால் குளத்து நீர் கொதித்து வாள்வீரனும் அவிந்துபோவான் என்று இன்னொருத்தன். விஞ்ஞான ரீயூசனில் படித்ததெல்லாம் வந்தது. தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில் ஒரு பொடியன், "விளக்கப் புத்தகம் ஒன்று இருந்தால் இந்தக் கரைச்சலே இல்லை, அன்ரி" என்றான்.

விளக்கப் புத்தகம் தேவையே இல்லை. எங்களிடம் இருக்கிற 2014ஆம் ஆண்டு விதிப் புத்தகத்தில், சண்டையைப் பற்றிய அத்தியாயத்தின் கடைசியில், நீருக்கடியில் சண்டை பிடிப்பதற்கென்றே ஒரு குட்டிப் பகுதி இருக்கிறது. நீருக்குள் முழுதாக மூழ்கியிருக்கும் எவருக்கும் நெருப்பால் வரும் சேதம் பாதியாகும். நீந்தப் பழகிய உயிரினம் இல்லையென்றால் வாளால் வெட்டுவது சிரமம், இரண்டு தரம் உருட்டிக் குறைந்த எண்ணை எடுக்க வேண்டும். குத்துவாள், ஈட்டி மாதிரியான சிலவற்றுக்கு அந்தச் சிரமம் கிடையாது. மூச்சை எவ்வளவு நேரம் அடக்கலாம் என்பது அதற்கு முந்திய அத்தியாயத்தில் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. 320 பக்கப் புத்தகத்தில் பிள்ளைகள் தங்கள் தங்கள் பாத்திரத்துக்கு உரிய பக்கங்களை உருப்போட்டிருந்தார்கள், மந்திரப் பட்டியலைக் கரைத்துக் குடித்திருந்தார்கள். அந்தப் பகுதியை மட்டும் ஒருவரும் திறக்கவில்லை.

என் அனுபவத்தில் "விளக்கம் வேண்டும்" என்று வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். பதில் கையில் இருக்கிற புத்தகத்திலேயே கிடக்கும். இன்னொரு புத்தகம் வாங்கினால் வாசிக்காத பக்கங்களின் தொகைதான் கூடும்.

சரி, உண்மையிலேயே விதி குழப்பமாக எழுதப்பட்டிருந்தால்? அதுவும் நடக்கிறது. இதில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளக்கம் என்பதன் பெறுமதியே இதில்தான் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து நிற்கிற எதிரியைப் பற்றிய விதி. 2014ஆம் ஆண்டுப் புத்தகம் அதில் இரண்டு விஷயம் சொல்கிறது. ஒன்று, மந்திரமோ விசேட புலனோ இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. இரண்டு, அவனை அடிக்கிறவர்களுக்குச் சிரமம், அவன் அடிப்பதற்கு வசதி, அதாவது இரண்டு தரம் உருட்டிக் கூடிய எண்ணை எடுக்கலாம். இப்போது மறைந்திருப்பவர்களைப் பார்க்க வைக்கிற மந்திரம் ஒன்றும் அதே புத்தகத்தில் இருக்கிறது. அந்த மந்திரத்தைப் போட்டு நான் அவனைத் தெளிவாகப் பார்க்கிறேன். அப்போது அவனை அடிக்க எனக்கு என்ன சிரமம்? எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ஒரு சிரமமும் இல்லை என்றுதான் சொல்லும். ஆனால் எழுத்துக்கு எழுத்து வாசித்தால் இரண்டாவது விஷயம் முதலாவதில் தங்கியிருக்கவில்லை. பார்த்தாலும் சிரமம் அப்படியே இருக்கிறது. விதிகளை எழுதியவர்கள் தரப்பிலிருந்து வந்த விளக்கமும் அதுதான்: ஆம், சிரமம் தொடரும்.

எத்தனையோ மேசைகளில் இந்த விளக்கத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தங்கள் பாட்டில் விளையாடினார்கள். எங்கள் மேசையிலும் அப்படித்தான். பிறகு 2024இல் திருத்திய பதிப்பு வந்தது. அதில் அந்த விதியையே மாற்றி எழுதிவிட்டார்கள்: மறைந்திருப்பவரை ஒருவர் எப்படியாவது பார்க்க முடிந்தால், பார்க்கிறவருக்கு அந்தச் சிரமமும் இல்லை, மறைந்திருப்பவருக்கு அந்த வசதியும் இல்லை. பிள்ளைகள் சொன்னதுதான் கடைசியில் புத்தகத்தில் ஏறியது. அந்தப் பழைய விளக்கத்தை ஒரு புத்தகமாக அச்சடித்துக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தால் இன்றைக்கு அந்தப் பக்கத்தின் பெறுமதி என்ன?

இன்னொரு வகைச் சண்டையும் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லாதது. எங்கள் களவுக்காரன் ஒரு பாறைப் படிக்கட்டில் எண்ணெயை ஊற்றிவிட்டான், கீழேயிருந்து துரத்திக்கொண்டு வருகிற குள்ளப் பேய்கள் வழுக்கி விழட்டும் என்று. புத்தகத்தில் எண்ணெயைப் பற்றி இருக்கிறது. ஊற்றலாம், பற்ற வைக்கலாம், எவ்வளவு நேரம் எரியும், எவ்வளவு சேதம், எல்லாம். வழுக்குமா என்று ஒரு சொல் இல்லை. ஆனால் ஆட்டத்தை நடத்துகிறவருக்கான புத்தகத்தில் வழுக்குகிற பனிக்கட்டியைப் பற்றி இருக்கிறது: அதில் கால் வைக்கிறவர் 10க்கு உருட்ட வேண்டும், எட்டாவிட்டால் விழுவார். வன்னியில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? ஆனால் அந்த 10ஐ எடுத்து எண்ணெய்க்குப் போட்டோம். இரண்டு குள்ளப் பேய் விழுந்தது, ஒன்று விழுந்தவற்றின் மேல் ஏறி வந்தது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பு பக்கத்துச் சலூன் வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்தத் தீர்ப்பை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்தோம். "எண்ணெய் ஊற்றிய படி: 10." அந்தக் கொப்பிதான் எங்கள் விளக்கப் புத்தகம். மேசையில் ஒரு தீர்ப்பு வந்தால் யாராவது அதை எழுத வேண்டும், அடுத்த முறை அதே விஷயம் வந்தால் அதே தீர்ப்பு. இது ஒன்றும் புதுமை இல்லை. 304 என்கிற சீட்டாட்டம் விளையாடுகிற ஆட்களைப் பாருங்கள். முள்ளியவளைக்காரர் ஒரு மாதிரி விளையாடுவார்கள், பரந்தன்காரர் இன்னொரு மாதிரி. கலியாண வீட்டில் சந்தித்தால் முதலில், "உங்கட பக்கம் எப்பிடி?" என்று கேட்டுப் பேசி முடித்துவிட்டுத்தான் சீட்டுப் போடுவார்கள். அதற்கு ஒருவரும் கொழும்பிலிருந்து புத்தகம் எடுப்பித்ததில்லை.

இப்போது அந்தப் புத்தகத்தைப் பற்றியே கொஞ்சம் பேசலாம். மாங்குளத்துத் தந்தை புத்தகத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் இந்த விளையாட்டுக்கு விதிகளைத் தொகுத்து விளக்குகிற புத்தகம் என்று பழைய புத்தகக் கடைகளில் தட்டுப்படுகிறது பெரும்பாலும் ரூல்ஸ் கொம்பெண்டியம். அந்தப் பெயரில் இரண்டு உண்டு, 2007இல் ஒன்று, 2010இல் ஒன்று. 2007ஆம் ஆண்டுப் புத்தகம் என் கடையில் இருக்கிறது. எங்கள் மேசைப் பொடியன் ஒருவனின் மாமா ஸ்காபரோவில் எங்கோ பழைய புத்தகக் கடையில் கண்டு, மருமகனுக்குப் பிடிக்குமே என்று பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. கெட்டி மட்டை, வழுவழுப்பான தாள், வடிவான படங்கள். பொடியனுக்கு வாயெல்லாம் பல்லு. முதலைச் சண்டைக்குத் திறந்து பார்த்தோம். ஒன்றும் பொருந்தவில்லை.

ஏனென்றால் அது வேறு பதிப்புக்கு உரியது. இந்த விளையாட்டின் மூன்றாம் பதிப்பு 2000இல் வந்தது, அதைத் திருத்தி 2003இல் ஒன்று வந்தது, நான்காம் பதிப்பு 2008இல், ஐந்தாம் பதிப்பு 2014இல், அதன் திருத்தம் 2024இல். பெயர் ஒன்று, விதிகள் வேறு. ஒருவரைக் கையால் பிடித்து மடக்குகிற விதியை எடுத்துப் பாருங்கள். 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் அது பெரிய சடங்கு: பிடிக்கப் போனவுடனே எதிராளிக்கு உங்களை அடிக்க ஒரு வாய்ப்பு, அதைத் தாண்டினால் தொட்டுப் பிடிக்க ஓர் உருட்டல், பிறகு இரண்டு பேரும் எதிரெதிராக ஓர் உருட்டல், உருவத்தின் அளவுக்கேற்பக் கூட்டல் கழித்தல், பிறகு அவன் நிற்கிற இடத்துக்குள் நகர வேண்டும். 2014இல் இரண்டு பேரும் எதிரெதிராக ஒரு தரம் உருட்டினால் முடிந்தது. 2024இல் பிடிபடுகிறவர் மட்டும் உருட்டுகிறார். முதலாவதுக்கு விளக்கம் எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்றாவதை விளையாட முடியுமா?

2014க்கும் 2024க்கும் இடையில்கூட இப்படிக் கரைச்சல் வரும். காயம் ஆற்றுகிற மருந்தைக் குடிப்பது பழையதில் அந்தச் சுற்றின் முழு வேலையையும் விழுங்கிவிடும், புதியதில் அடித்துவிட்டும் குடிக்கலாம். ஒருத்தன் பழைய புத்தகத்தைப் பார்த்துச் சொல்வான், மற்றவன் போனில் புதியதைப் பார்த்துச் சொல்வான், இரண்டு பேரும் சரி.

2007ஆம் ஆண்டுப் புத்தகத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது வந்த காலத்தில் அதற்கு ஒரு தேவை இருந்தது. மூன்றாம் பதிப்புக் காலத்தில் துணைப் புத்தகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன, ஒவ்வொன்றும் புதிய விதியைக் கொண்டுவந்தது. சண்டையில் நொடிக்குள் செய்துமுடிக்கிற செயல்கள் என்று ஒரு வகை, 2003ஆம் ஆண்டு அடிப்படைப் புத்தகத்தில் அது இல்லை, பிறகு வந்த புத்தகங்களில் புகுந்து எல்லாரும் பாவிக்கத் தொடங்கினார்கள். அப்படிச் சிதறிக் கிடந்ததையெல்லாம் ஒரே இடத்தில் ஒழுங்காக அடுக்கித் தந்தது அந்தப் புத்தகம். பழைய புத்தகத்துக்கும் இதற்கும் வித்தியாசம் வந்தால் இதைத்தான் எடுக்க வேண்டும் என்று அதிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. நடுநடுவே விதிகளை எழுதியவர்கள் ஏன் இப்படி வைத்தோம் என்று கதைக்கிற சின்னச் சின்னக் கட்டுரைகள் உண்டு. அவற்றை நான் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ரசித்து வாசித்தேன், பொய் சொல்லக் கூடாது.

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, அதை மட்டும் வைத்து விளையாட முடியாது. பாத்திரத்தை உருவாக்குவது எப்படி என்று அதில் இல்லை, மந்திரப் பட்டியல் இல்லை. அடிப்படைப் புத்தகங்கள் கையில் உள்ளவருக்குத்தான் அது துணை. இரண்டு, நான்காம் பதிப்பு வரப்போகிறது என்று 2007 ஓகஸ்ட்டில் அறிவித்துவிட்டார்கள், இந்தப் புத்தகம் அதற்குப் பிறகு ஒக்டோபரில் கடைக்கு வந்தது, 2008 யூனில் புதிய பதிப்பு வந்துவிட்டது. ஒரு பதிப்பின் விளக்கமெல்லாம் சேர்ந்து புத்தகமாவதற்குள் அந்தப் பதிப்பே கிழடாகிவிடுகிறது. இது அந்த ஒரு புத்தகத்தின் குறை இல்லை. விளையாடி, சண்டை பிடித்து, கேள்வி சேர்ந்த பிறகுதானே விளக்கம் எழுதலாம்?

2010ஆம் ஆண்டுப் புத்தகம் நான்காம் பதிப்புக்கானது, கையடக்கமானது. அதை விளையாடுகிறவர் ஒருவரையும் நம்முடைய பக்கம் நான் இன்னும் காணவில்லை.

இனிக் காசு. 2024ஆம் ஆண்டு அடிப்படைப் புத்தகம் அமெரிக்காவில் 50 டொலர் அளவு. நம்முடைய காசுக்கு ஏறக்குறைய 15,000 ரூபா. கொண்டுவருகிறவர் பெட்டி நிறையையும் பார்க்க வேண்டும். கெட்டி மட்டைப் புத்தகம் சும்மா ஏறாது. சித்தப்பாவின் பெட்டியில் ஒரு புத்தகத்துக்குத்தான் இடம் என்றால் அந்த இடத்தை அடிப்படைப் புத்தகத்துக்குக் கொடுங்கள். நாலைந்து பேருக்கு ஒரு புத்தகம் போதும். அது ஏற்கெனவே இருக்கிறதென்றால் ஒரு செட் டைஸ் கொண்டுவரச் சொல்லுங்கள், 4 முகம் தொடங்கி 20 முகம் வரை. அது சட்டைப் பையிலேயே வரும், விலையும் குறைவு, தினமும் பாவிக்கலாம்.

விளக்கம் வேண்டும் என்றால் அது இலவசமாகவே கிடைக்கிறது. வெளியீட்டாளர்களான விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் கேள்வி பதில்களைத் தொகுத்து சேஜ் அட்வைஸ் என்ற பெயரில் காசில்லாமல் தருகிறது. அந்தப் பெயரில் கேள்வி பதில் பகுதி 1979இலிருந்தே அப்போது இந்த விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்துகொண்டிருந்தது, ஆகவே இந்தச் சண்டை எங்கள் தாழ்வாரத்தில் தொடங்கியதில்லை. அச்சுப் பிழை திருத்தங்களும் இலவசம். அந்தத் தொகுப்பின் முன்னுரையில் அவர்களே ஒத்துக்கொள்கிற ஒரு விஷயம் உண்டு: மேசையில் நடக்கிற எல்லாவற்றுக்கும் எந்த விதித் தொகுப்பாலும் பதில் சொல்ல முடியாது, கடைசித் தீர்ப்பு நடத்துகிறவருடையது. விளக்கம் எழுதுகிறவர்களே இப்படிச் சொல்லும்போது பிறகென்ன?

இன்னுமொன்று. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை, ஏறக்குறைய 400 பக்கம், கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் விட்டுவிட்டார்கள். அதற்கு முன் பழைய உரிமத்தை மாற்றப் பார்த்து விளையாடுகிறவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், அது பெரிய கதை. 2025இல் புதிய பதிப்பின் தொகுப்பையும் அதே உரிமத்தில் விட்டார்கள். அதன் கருத்து என்னவென்றால், யாருடையது என்று குறிப்பிட்டுவிட்டு எவரும் அதை அச்சடிக்கலாம், பகிரலாம், தமிழில் மொழிபெயர்க்கலாம், விற்கக்கூட விற்கலாம். ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. முழுப் புத்தகத்தில் உள்ளது எல்லாம் அதில் இல்லை, பாத்திரங்களுக்கான பின்புலங்களும் சிறப்புத் திறமைகளும் 2023ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஒவ்வொன்றுதான். ஆனால் சண்டை விதி, மந்திர விதி எல்லாம் இருக்கிறது. மேசையில் வாக்குவாதம் வருகிற இடங்கள் அவைதானே.

இணையத்தில் இருந்தென்ன, மாரி மழைக்குக் கரண்டும் போய் சிக்னலும் போனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குத்தான் பிரிண்ட். முழுவதும் வேண்டாம். சண்டை அத்தியாயம், மந்திரம் போடும் விதிகள், குருடு, மயக்கம், விழுந்து கிடத்தல் போன்ற 15 நிலைகளின் பட்டியல், இவ்வளவையும் இரண்டு பக்கமும் அடித்துச் சுருள் கம்பி போட்டால் சில நூறு ரூபாவோடு முடியும். நான் போட்டோகொப்பி அடித்துப் பிழைக்கிறவள், ஆகவே இந்த யோசனையில் என்னுடைய இலாபமும் இருக்கிறது. வேறு கடையில் அடித்தாலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒன்று, விற்பனையில் இருக்கிற புத்தகத்தைக் கொண்டுவந்து முழுதாகக் கொப்பி அடிக்கச் சொன்னால் நான் அடிக்க மாட்டேன். இலவசமாகக் கிடைப்பது இவ்வளவு இருக்கும்போது அதற்கு என்ன அவசியம்?

மல்லாவி வாசகர் இங்கிலீஷ் வளரும் என்றார். இதில்தான் எனக்கு அவரோடு கொஞ்சம் சண்டை. விதி விளக்கத்தில் வருகிற இங்கிலீஷ் காணி உறுதியில் வருகிற தமிழ் மாதிரி ஒன்று. ஒரே வசனத்தில் மூன்று "அல்லாதவிடத்து" வரும். அதை வாசித்து விளங்குகிற பிள்ளைக்கு விளக்கமே தேவையில்லை. விளங்காத பிள்ளை இரண்டு பக்கத்தோடு மூடி வைத்துவிட்டு எனக்கு இங்கிலீஷ் ஓடாது என்று முடிவு கட்டிவிடும். எங்கள் மேசையில் ஒரு பெட்டை இருக்கிறாள், விசுவமடுப் பக்கம், வகுப்பில் இங்கிலீஷுக்கு வாய் திறக்க மாட்டாளாம். அவள்தான் அந்த 15 நிலைகளையும் தமிழில் எழுதினாள். அகராதி பார்த்து இல்லை. ஒவ்வொன்றையும் மேசையில் நடத்திப் பார்த்து. விழுந்து கிடக்கிறவனைக் கிட்ட நின்று அடிப்பது சுகம், தூரத்திலிருந்து அம்பு விடுவது கஷ்டம் என்ற விதியைத் தம்பியை நிலத்தில் படுக்கப் போட்டு, தும்புத்தடியை வைத்துச் சோதித்துவிட்டு, அதற்குப் பிறகு எழுதினாள். நான் லமினேற் பண்ணிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதற்குக் காசு எடுக்கவில்லை. அந்தப் பிள்ளை இப்போது இங்கிலீஷ் பக்கத்தைத் தானாகத் திறந்து, "அன்ரி, இதில் இப்படி இருக்கு, நீங்கள் சொன்னது பிழை" என்கிறாள். இங்கிலீஷ் வளர வேண்டுமென்றால் இப்படி வளரட்டும்.

சரி, யார் வாங்கலாம்? 2003ஆம் ஆண்டுப் பதிப்பையே இன்னும் விளையாடுகிறவர்கள் இருந்தால், அவர்களிடம் துணைப் புத்தகங்கள் கொட்டிக் கிடந்தால், 2007ஆம் ஆண்டுப் புத்தகம் பொன். பக்கம் பக்கமாகத் தேடுகிற வேலை மிச்சம். அடுத்தது, முன்பின் தெரியாத ஆட்களைக் கூட்டி ஆட்டம் நடத்துகிறவர். கூட்டாளிகளுக்குள் என்றால் "சரி, இன்றைக்கு இப்படி" என்று போய்விடலாம். தெரியாதவர்களுக்கு முன்னால் கையில் அச்சடித்த ஒன்று இருந்தால் பேச்சு அடங்கும். அறிவியல் நகர்ப் பக்கம் கம்பஸ் பிள்ளைகள் யாராவது அப்படி நடத்தினால், இலவசத் தொகுப்பை அச்சடித்தே அந்த வேலையைச் செய்யலாம் என்றுதான் நான் சொல்வேன். மற்றபடி விதிகளை வாசிப்பதிலேயே ருசி காண்கிற ஒரு சாதி உண்டு, நானும் அதில் சேர்த்தி. அவர்கள் மலிவாகக் கண்டால் வாங்கட்டும். அது தேவைக்கு வாங்குவதில்லை, ஆசைக்கு வாங்குவது. அப்பாவிடம் கேட்கும்போது அதையும் அப்படியே சொல்லிக் கேட்க வேண்டும்.

மாங்குளத்து ஐயா, சித்தப்பாவுக்குப் போன் எடுப்பதற்கு முன் மகனிடம் ஒன்று கேளுங்கள்: நீங்கள் விளையாடுகிறது எந்த ஆண்டுப் பதிப்பு? உடனே சொன்னால் நல்லது. சொல்லத் தெரியாமல் தலையைச் சொறிந்தால் விதிப் புத்தகத்தின் முதல் பக்கங்களில் ஆண்டு அச்சிட்டிருக்கும், பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, கடைசியாக என்ன விஷயத்தில் சண்டை வந்தது என்று கேளுங்கள். அவன் சொல்கிற விஷயத்தை அவனிடம் இருக்கிற புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்லடைவில் உங்கள் முன்னால் தேடச் சொல்லுங்கள். தேடி எடுத்துவிட்டால் உங்கள் காசு மிச்சம். எடுக்க முடியாவிட்டால் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக் கொடுங்கள்.

அதற்குப் பிறகும் அவனுக்கு அந்தப் புத்தகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றிருந்தால் கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். 2007ஆம் ஆண்டுப் புத்தகம் என் கடையில் சும்மாதான் கிடக்கிறது, இருந்து வாசித்துவிட்டுப் போகலாம். முகவரி ஆசிரியரிடம் இருக்கிறது. சனிக்கிழமை நாலு மணிக்குப் பிறகு வந்தால் மேசையிலும் ஓர் இடம் உண்டு, எங்கள் வாள்வீரன் ரீயூசன் மாறியதால் இப்போது வருவதில்லை, முதலையின் வயிற்றுக்குள் மோதிரம் இன்னும் கிடக்கிறது. பென்சில் கொண்டுவரச் சொல்லுங்கள், என்னிடம் வாங்கினால் காசு எடுப்பேன்.

இப்படிக்கு,
கடைக்கார வாசகி,
கிளிநொச்சி.